பெரிய வண்டி, சின்ன தூரம்

விமான நிலையத்துக்கு வாடகை வேன் ஓட்டுகிறவனுக்கு, ஓட்டுகிற நேரத்தைவிட வாசலில் நிற்கிற நேரம்தான் அதிகம். கம்பித் தடுப்பில் சாய்ந்து, பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால் என் பக்கத்து நியாயம் புரியும்.

பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான் வேன் ஓட்டிய காலத்தில், துபாயிலிருந்து ஒரு பெரிய விமானம் வரும். சென்னையில் பாதிக் கூட்டத்தை இறக்கிவிட்டு, மிச்சக் கூட்டத்தோடு திருவனந்தபுரத்துக்கு ஒரு எட்டு வந்துபோகும். திரும்பிப் போவதும் சென்னை வழியாகத்தான். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்பார்கள். கடல் தாண்டுவதற்காகச் செய்த விமானம், சென்னையில் கிளம்பினால் கொடுத்த பழச்சாற்றைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். காலியாக இருக்கிற இடத்தில் உள்ளூர்க்காரர்களையும் ஏற்றுவார்கள். டிரைவர்கள் நாங்கள் அதைப் பெரிய வண்டி என்றுதான் சொல்வோம். இப்போது அந்த வண்டி வருவதில்லை. வானத்தில் எது பறந்தாலும் எனக்கு அது கொசு மாதிரிதான் தெரிகிறது.

நாங்குநேரியில் ஒரு டீ

என் மனைவி எஸ்தரின் தம்பி செல்வின் அப்போது சென்னையில் வேலை பார்த்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பெரிய வண்டியில் வந்து இறங்கினான். சென்னையிலிருந்து வந்தவன்தான். ஆனால் துபாய்க்காரர்களோடு ஒன்றாக வெளியே வந்ததால் நடையே மாறிவிட்டது. பெட்டியில் ஒட்டிய சீட்டைக் கிழிக்க விடமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்தினேன். எத்தனையோ வருசமாக அந்த விமானத்தின் வயிற்றைக் கீழே நின்று பார்த்தவன் நான். ஆசையாகத்தான் கேட்டேன், உள்ளே எப்படி இருக்கும் என்று. அவன் டீயை ஊதினான், ரோட்டைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அதெல்லாம் சொன்னா விளங்காது அத்தான். ஒங்களுக்கு வாசல் வரைக்கும்தானே தெரியும்."

மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த வண்டியில் ஒரு தடவையாவது ஏறி இறங்கி, அவன் முகத்துக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கண்ணுக்குள் கண்ணாடி

ஸ்ரீவைகுண்டத்துப் பெரியம்மா ஒருவர் சென்னையில் மகள் வீட்டில் தங்கிக் கண் ஆபரேஷன் செய்துகொண்டு பெரிய வண்டியில் திரும்பினார். சென்னையில் ஏறுகிற உள்ளூர்க்காரர்களுக்குச் சுங்கச் சோதனை கிடையாது என்பதற்கு அடையாளமாகச் சட்டையிலோ சேலையிலோ ஒரு வட்டச் சீட்டு ஒட்டி விடுவார்கள். அது எங்கேயோ விழுந்துவிட்டது போல. கறுப்புக் கண்ணாடியும் கனத்த பையுமாக வந்தவரைத் துபாய்க் கூட்டத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டான் சுங்க அதிகாரி. பைக்குள் இருந்தது முறுக்கும் ஒரு ஜமுக்காளமும்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தாராம். மேலேயிருந்து ஆறு தெரிந்தது, வாழைத் தோட்டமெல்லாம் பச்சைப் பாய் விரித்தது மாதிரி தெரிந்தது என்று பணகுடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வயிற்றெரிச்சல். பேச்சை மாற்ற, அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல? கண்ணுக்குள்ள ஒரு கண்ணாடி வச்சி உட்டிருக்கான் ஐயா, அதையும் எடுத்துக் காட்டணுமான்னு கேட்டேன்" என்றார்.

வள்ளியூரில் நிற்குமா

ராதாபுரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவரை, மகள் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போகிறவரை, கொண்டுபோய் விட்டேன். விமானம் மேலே ஏறுகிற வரைக்கும் வண்டியை எடுக்காதது என் வழக்கம். அன்றைக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் அண்ணாச்சி வெளியே வந்துவிட்டார். கையில் கருப்பட்டிப் பொட்டலம், முகமெல்லாம் வேர்வை.

உள்ளே பலகையில் துபாய் என்று போட்டிருந்ததாம். சென்னையில் நின்றுதான் போகும், தைரியமாக ஏறுங்கள் என்று நானும் சொன்னேன், வாசலில் நின்ற காவலரும் சொன்னார். அவர் கேட்கிற மாதிரி இல்லை. திருநெல்வேலியில் ஏறினால் நாகர்கோவிலில்தான் இறக்குகிற எண்ட் டு எண்ட் பஸ்ஸில் தெரியாமல் ஏறி, இறங்க வேண்டிய வள்ளியூரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஆள் அவர்.

"நீரு சொல்லுதீரு. ஒரு மணி நேரப் பாதைக்கு எவனாவது இவ்ளோ பெரிய வண்டி விடுவானா? நம்ம எண்ட் டு எண்ட் பஸ்ஸு வள்ளியூர்ல நிக்குதாவே?" என்றார்.

ஒரு கட்டு இலை

மேலப்பாளையம் மைதீன் என் கூட்டாளி. அவனும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓட்டினான். ஒரு மத்தியானம் பெரிய வண்டி இறங்கியது. வெளியே வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த மாதத்தோடு இதை நிறுத்திவிட்டுச் சின்ன விமானம் விடப்போகிறார்கள் என்று மைதீன்தான் சொன்னான்.

எனக்கு நெஞ்சில் அடித்தது மாதிரி இருந்தது. அது போய்விட்டால் செல்வினுக்கு நான் எதில் ஏறிப் பதில் சொல்வேன்? மைதீனுக்கு என் கஷ்டம் தெரியாது. அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "பின்ன என்னவே, ஒரு கட்டு இலை வாங்கியார லாரியை எடுத்துட்டுப் போனா எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றான்.

நடு சீட்டு

எஸ்தரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் சென்னைக்குப் போனேன், திரும்பி விமானத்தில் வருவதற்காக மட்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் எதற்கு என்று கேட்டார்கள். கடற்கரை பார்க்க என்று சொல்லி வைத்தேன்.

ஏறினோம். கல்யாண மண்டபம் என்றது உண்மைதான். ஆனால் எங்களுக்குக் கிடைத்தது நட்டநடு வரிசையில் நட்டநடு இரண்டு இடம். இந்தப் பக்கம் ஒரு தலை, நடைபாதை, அதற்கப்புறம் இன்னும் இரண்டு தலை, அதற்கும் அந்தப் பக்கம் ஏதோ வட்டமாக வெளிச்சம். அந்தப் பக்கமும் அப்படியே. சேரன்மகாதேவி போகிற டவுன் பஸ்ஸில்கூட எனக்கு ஜன்னல் கிடைக்காமல் போனதில்லை. எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆறும் தெரியவில்லை, வாழையும் தெரியவில்லை.

எஸ்தர் ஏறி உட்கார்ந்ததிலிருந்தே கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டே இருந்தாள். சக்கரம் தரையில் தட்டியதும் எல்லாரும் எழுந்து பெட்டியை எடுக்க ஆரம்பித்தார்கள். அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். "என்னங்க, எல்லாரும் எந்திக்காவ. வண்டி கெளம்பாதாமா?"

மறுபடியும் நாங்குநேரி

எங்களைக் கூப்பிட வந்தது செல்வின். அதற்குள் அவன் சென்னையை விட்டுவிட்டு ஊரோடு வந்து கார் வாங்கியிருந்தான். வேறு வண்டி வேண்டாம், அவன்தான் வர வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பதிலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்: அதெல்லாம் சொன்னா உனக்கு விளங்காதுலே, நீ வாசல்ல நில்லு.

வெளியே வந்தால், கம்பித் தடுப்பில் நான் சாய்கிற அதே இடத்தில் சாய்ந்து நிற்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "எப்படித்தான் அத்தான் இத்தனை வருசம் இங்கன நின்னிய? எனக்கு இப்பவே காலு கடுக்கு" என்றான். பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் காரைப் பார்க்க நடந்தேன்.

நாங்குநேரி வந்ததும் அவனே டீக்கு நிறுத்தினான். அதே கடை. இப்போது கேட்டான்: உள்ளே எப்படி இருந்தது என்று. இதற்குத்தானே காத்திருந்தேன். தொண்டையைச் சரி செய்தேன். அதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள்.

"அத எங்க பாத்தோம்? நடுவுல உக்கார வச்சிட்டான், சாமி சத்தியமா ஒண்ணும் தெரியல. நீ வந்தப்பவாவது ஜன்னல் கெடச்சுதாலே?"

செல்வின் டீயை ஊதினான், ரோட்டைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"எனக்கும் நடு சீட்டுதான்க்கா. அன்னைக்கு அத்தான் ஆசையாக் கேட்டாவ. என்னத்தச் சொல்லதுன்னு தெரியாமத்தான் அப்படிச் சொன்னேன்."

அத்தனை பெரிய வண்டியை இத்தனை சின்ன தூரத்துக்கு ஓட்டினார்களே என்று ஊரே சிரித்தது. இத்தனை சின்ன பேச்சுக்கு அத்தனை பெரிய கோபத்தை இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிற நான் மட்டும் சிரிக்கவில்லை.