திம்புக்டு இல்லாத நைஜர்

நல்ல நீலச் சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, முனைகளை முடிச்சுப் போட்டு, பள்ளித் தாழ்வாரத்தில் விரித்துக்கொண்டிருந்தார் எங்கள் பூகோள டீச்சர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்துப் பள்ளி அது. நான் அங்கே தமிழாசிரியர்.

"இதைப் போய் ஏன் டீச்சர் கிழிச்சீங்க?" என்றேன்.

"நைஜர் ஆறு, ஐயா. மேப்புல பார்த்துட்டு பசங்க அதை நூலுன்னு நினைச்சுக்கறாங்க."

அந்த ஆற்றைப் பற்றி அதற்கு முன் எனக்கும் ஒன்றும் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில், கடலுக்கு அதிகத் தொலைவில்லாத மலைகளில் பிறக்கிறது. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்நாட்டுக்குள் போகிறது. சகாரா பாலைவனத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டு, வளைந்து, தெற்கே இறங்கிக் கடலில் சேர்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் துணியின் இருபுறமும் ஊர்களாக உட்கார வைத்தார் டீச்சர். ஒருவன் பமாக்கோ, இன்னொருத்தி நியாமே. மேலே, வளைவுக்குப் பக்கத்தில், மீன் விற்கும் ஓர் அம்மாவின் மகள் திம்புக்டு. தன் ஊரில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஆண்டு விழாவில் மேடையேற்றுவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முன்பே அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்துவிட்டார்கள். பாத்திரம் பண்டத்தோடு குடும்பங்களை லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே கட்டியிருந்த அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வகுப்பில் பாதி பெஞ்சு காலி. தாழ்வாரத்தில் விரித்த ஆற்றின் ஓரத்தில் பமாக்கோ இல்லை, திம்புக்டு இல்லை.

தலைமையாசிரியை நல்லவர்தான். "ஆறாம் வகுப்புப் பசங்களை உட்கார வெச்சு ஒப்பேத்திடுங்க" என்றார்.

"அது அவங்க ஊரு மேடம். வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன்" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. இறங்கியும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அந்த அடுக்குமாடிகளுக்குப் பஸ் ஏறிப் போனார். துணைக்கு நானும் போனேன். திம்புக்டுவின் அம்மா மூன்றாம் மாடி வாசலில் நின்றபடியே பேசினார்.

"இன்னா டீச்சர் நீ? மார்க்கெட் அங்க கீது, நான் இங்க கீறேன். பொழப்பே பூட்ச்சி. ஆத்து வெளாட்டாம். ரெண்டு பஸ்ஸு மாறி பொண்ண அனுப்ப மாட்டேன்."

அவர் சொன்னதில் என்ன தவறு? திரும்பி வரும் வழியெல்லாம் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னார்: "அவங்க வர முடியாது. சரி, ஆறு அங்க போகட்டும்."

விழா அந்த வகுப்பு இல்லாமலே நடந்தது. அடுத்த ஞாயிறு, வகுப்பில் மிச்சமிருந்தவர்களில் வர ஒப்புக்கொண்ட பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒரு வேனில் அழைத்துப் போனோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் நைஜர் விரிந்தது. தண்ணீர் லாரிக்காகக் குடம் வைத்துக் காத்திருந்த பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

மீன்கார அம்மாவின் மகள் எழுந்தாள். "நான் திம்புக்டு. ஆத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் கீறேன். பாலைவனத்துலேர்ந்து ஒட்டகத்துல உப்பு வரும். எங்கூருலேர்ந்து அது படகுல போவும்."

கைதட்டல் அடங்கியதும் அவள் அம்மா கேட்டார்: "டீச்சர், அந்த ஆத்துல வெள்ளம் வராதா?"

"வருஷா வருஷம் வரும். வளைவுக்கு முன்னாடி பெரிய சமவெளியே முழுகிடும். மாடு மேய்க்கறவங்க மந்தையை ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுவாங்க."

"அப்பால?"

"தண்ணி வடிஞ்சதும் திரும்பி வருவாங்க. அங்கதான் புல்லு நல்லா வளரும்."

"திரும்பி வர வுடுவாங்களா?"

டீச்சர் குனிந்து சேலைத் துணியின் ஒரு மடிப்பை நீவிவிட்டார். "அங்க விடுவாங்க" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுக்கப் போனார்.

அந்தக் கோடையில் டீச்சர் இடமாறுதல் கேட்டு எழுதினார். அந்த அடுக்குமாடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து நகரத்துக்குள் வர எல்லாரும் சிபாரிசு தேடிக்கொண்டிருந்தபோது இவர் அங்கே போகிறேன் என்றார். ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும், வயதான மாமியாரை வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து தினம் எப்படிப் போய்வருவீர்கள் என்று கேட்டேன். "சீக்கிரம் எழுந்துக்கணும், அவ்வளவுதானே" என்றார்.

இன்றும் அங்கேதான் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மரத்தடியில் புழுதியைக் கீறி ஏதோ ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இருபுறமும் எனக்குத் தெரியாத புதிய முகங்கள். என்னைப் பார்த்து டீச்சர் கையை மட்டும் அசைத்தார்.

"உட்காருங்க ஐயா. காங்கோ. பூமத்திய ரேகையை ஒரு தடவை தாண்டியாச்சு. இன்னொரு தடவை தாண்டணும்."