இரண்டு ஆள் ரிவெட்

விமானச் சாமான் விற்கிற கவுன்டரில் வந்து யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்பதில்லை; ஒரு போல்ட்டைப் பற்றிக் கேட்பார்கள், ஒரு வாஷரைப் பற்றிக் கேட்பார்கள், அதோடு தங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிட்டுப் போவார்கள். மருந்துக்கடையோ, தபாலாபீஸோ, ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது தெரியும். உங்களைப் போன்றவர்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

என் கவுன்டர் ஃபிஜித் தீவில், நாந்தி ஊரின் மார்டின்டார் கடைத்தெருவில் இருந்தது. முதலாளி ஒரு காலத்தில் வெளித்தீவுகளுக்குச் சின்ன விமானம் ஓட்டியவர். வீட்டிலேயே விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து கிட் தருவித்துக் கொடுப்பது எங்கள் தொழில். கிட் என்றால் அலுமினியத் தகடுகள், வளைத்த பட்டைகள், தகடுகளைச் சேர்த்து அடிக்க, கொட்டிக் கிடக்கும் ரிவெட் ஆணிகள், ஒரு கட்டு வரைபடம், அவ்வளவுதான். மிச்சத்தை வாங்கினவர் தன் கொட்டகையில் செய்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் கடைக்குப் போன் செய்வார். நான் விமான நிலையப் பட்டறையில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் பதில் சொல்வது என் வேலை.

அதிகமாகப் போன் செய்தவர் தலைநகர் சூவாவை ஒட்டின லாமியில் இருந்த ஜெகநாதன் பிள்ளை. நில அளவை ஆபீஸில் படம் வரைகிறவர். மனைவி சரோஜினி, சூவாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டை ஒட்டின கார் கொட்டகையில் இரண்டு பேர் உட்காருகிற விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை விஷயம் என்றால் என்னிடம் இங்கிலீஷில் பேசுவார். ஊர் வம்பு ஹிந்தியில். தமிழில் ஆரம்பித்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம். எண்பத்தேழில், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவர் தமிழ் பேசுவது அதிகமாகிவிட்டது.

போர்டைப் பார்த்து வந்தவர்

எங்கள் கடை போர்டில் பெரிதாக ஒரு விமானம் வரைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ராணுவம் வந்த பிறகு அவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களைவிட அதிகமாகிவிட்டார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, எங்கே கிடைத்தாலும் சரி என்று எங்கள் இந்திய ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம்.

ஒரு நாள் தீவின் உட்பகுதியிலிருந்து கரும்புத் தோட்டக்காரர் ஒருவர், கோயிலுக்குப் போகிறாற்போல உடுத்திக்கொண்டு, மனைவியோடு வந்தார். சுவரில் மாட்டியிருந்த புரொப்பெல்லரையும், காகிதம் சுற்றிச் சாத்தி வைத்திருந்த வால் பகுதியையும் ரொம்ப நேரம் பார்த்தார். டிக்கெட் விற்கிற ஆபீஸ் அந்தக் கோடியில் இருக்கிறது, இங்கே விமானத்தைத் துண்டு துண்டாகத்தான் விற்கிறோம் என்று தமிழில் சொன்னேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோட்டக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப எனக்குப் போற துண்டு மட்டும் குடு தம்பி. திரும்பி வர்ற துண்டு வாணாம்" என்றார்.

பெட்டியில் என்ன

பிள்ளையின் பழைய ரிவெட் கன் பழுதாகிவிட்டதால் புதிதாக ஒன்று தருவித்திருந்தோம். காற்று அழுத்தத்தில் ரிவெட்டை அடிக்கிற கருவி. நான் சொந்த வேலையாக சூவா போக வேண்டியிருந்ததால் நானே பஸ்ஸில் எடுத்துப் போனேன். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 'ரிவெட் கன்' என்று அச்சடித்திருப்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வழியில் நவுவா ஊரைத் தாண்டினதும் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிவந்த சிப்பாய் முதல் வார்த்தையை விட்டுவிட்டு 'கன்' என்பதை மட்டும் சத்தமாகப் படித்தான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கீழே இறக்கிப் பெட்டியைப் பிரித்தார்கள். கைப்பிடியும் விசையுமாக அது துப்பாக்கி மாதிரியேதான் இருந்தது. கொஞ்சம் வயதான ஒரு சார்ஜென்ட் வந்தார். இதை வைத்து ஒருவர் விமானம் செய்கிறார் என்று இங்கிலீஷிலும் எனக்குத் தெரிந்த ஃபிஜியனிலுமாகச் சொன்னேன். "செய்து எங்கே போகப் போகிறார்?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை, மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே இறங்குவார் என்றேன். அவர் கருவியைத் திரும்பப் பெட்டியில் வைத்து, மூடியை ஒழுங்காக அழுத்தி என்னிடம் கொடுத்தார். "எல்லோரும் போகத்தான் பாடுபடுகிறார்கள். இந்த மனுஷன் திரும்பி வருவதற்கா இவ்வளவு பாடுபடுகிறார்?" என்றார்.

சத்தமில்லாத வேலை

ராணுவம் இரண்டாம் தடவை ஆட்சியைப் பிடித்த பிறகு, ஞாயிறு சர்ச்சுக்கான நாள், அன்று வேலை செய்யக் கூடாது, விளையாடக் கூடாது, பஸ்கூட ஓடக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆபீஸ் போகிறவர் விமானம் கட்ட ஞாயிறை விட்டால் வேறு நாள் ஏது? பிள்ளை போன் செய்து, சத்தம் வராமல் செய்யக்கூடிய வேலைகள் எவை என்று கேட்டார். தகட்டு விளிம்புகளைக் கையால் வழுவழுப்பாக்கலாம், ஒயர்களைக் கட்டலாம், அடுத்த வாரத்துத் துளைகளுக்குக் குறி போடலாம் என்று சொன்னேன். அலுமினியத்தில் அரம் போட்டால் எப்படிக் கத்தும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

பிள்ளையின் பக்கத்து வீட்டு ஜோனே படகுப் பட்டறையில் வேலை செய்கிற பூர்வீக ஃபிஜியர். சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிறவர். ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையும் பைபிளுமாக வேலியோரம் வந்து நின்றாராம். பிள்ளை அரத்தோடு எழுந்து நின்றாராம். புகார் செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தாராம். ஜோனே சொன்னதைப் பிள்ளை எனக்கு அப்படியே சொன்னார்: "நான் ரோட்டு முனை திரும்புகிற வரைக்கும் பொறு பிள்ளை. காதில் விழாததைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது."

இரண்டும் இடது

இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்குகிற மடல் ஒன்று உண்டு. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். கட்டுகிறவர்கள் அசந்தால் இரண்டையும் ஒரே பக்கத்துக்குச் செய்துவிடுவார்கள். ஆனால் பிள்ளையிடமிருந்து அப்படி ஒரு போன் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"ரெண்டையும் இடதாவே அடிச்சிட்டேன் முத்து" என்று தமிழில் ஆரம்பித்தார். படத்தில் ஏதாவது தப்பா என்று கேட்டேன். "படம் சரியாத்தான் இருக்கு. படம் வரையறது என் தொழிலு" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். ஒருவர் இந்தப் பக்கம் ரிவெட்டை அடிக்கும்போது மற்றவர் அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தது சரோஜினி. இரண்டு ரிவெட்டுக்கு நடுவில், நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். இவர் 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த ரிவெட்டை வைத்திருக்கிறார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் வேறு எதுவும் பேசாமல் அடித்து முடித்திருக்கிறார்கள். புதுத் தகடு வர மாசக்கணக்கில் ஆகும் என்று நான் சொன்னதற்கு, "வலதா ரெண்டு அடிச்ச புத்திசாலி எங்கயாவது இருப்பான். விசாரிச்சுப் பாரு, மாத்திக்கலாம்" என்றார்.

சரோஜினி கேட்டது

விமானம் ஒரு தடவை மேலே போய் இறங்கட்டும், அப்புறம் வந்துவிடுகிறேன் என்று பிள்ளை சொன்னதால் சரோஜினி மகள்களோடு முதலில் கிளம்பினார். வெளிநாடு போகிற விமானம் நாந்தியிலிருந்துதான் கிளம்பும். போகிற வழியில் கடைக்கு வந்தார்கள். பிள்ளை வெளியே டாக்சிக்காரனோடு சேர்ந்து பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டும் புதுச் செருப்பு கடிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார்கள்.

சரோஜினியை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த கைகள். முழங்கைக்குக் கீழே அலுமினிய விளிம்பு கிழித்த தழும்புகள் கோடு கோடாக இருந்தன. அந்த அம்மாள் புகார் எதுவும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "அவரு கேக்கற சாமானை எல்லாம் சீக்கிரமா தருவிச்சுக் குடுங்கண்ணா. நான் கூப்பிட்டா வரமாட்டாரு, அது முடிஞ்சாதான் வருவாரு" என்றார்.

ஒற்றை ஆள் ரிவெட்

ஒரு மாசம் போயிருக்கும். ஒரே ஆள் அடிக்கிற மாதிரி ரிவெட் இருக்கிறதா என்று பிள்ளை கேட்டார். இருக்கிறது. முன்பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்குகிற வகை. அவ்வளவு பலம் இருக்காது. அதற்கென்று வரைந்த விமானங்கள் உண்டு, ஆனால் இவருடையது அப்படி வரைந்ததில்லை. முக்கியமான இணைப்புகளில் அதைப் போட நான் சம்மதிக்க முடியாது என்று சொன்னேன். இறக்கை, வால், உடம்பு என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் கூடாது என்றே சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்தில் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லலாமே என்றேன். ஆபீஸில் உதவி செய்வதாகச் சொன்ன இரண்டு பேரும் சிட்னிக்குப் போய்விட்டார்களாம். நவுவாவில் இருந்த தம்பியும் கனடாவில் வான்கூவர் போக விசாவுக்குக் காத்திருக்கிறானாம். நான் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "துளையெல்லாம் ரெண்டு பேரு இருக்கோம்னு நம்பிப் போட்டது முத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

லித்தியா தட்டியது

அடுத்த தடவை சூவா போனபோது லாமியில் இறங்கினேன். கொட்டகைக்குள் ரிவெட் அடிக்கிற சத்தம் கேட்டது. ஜோனே கட்டை பிடிக்க முன்வந்திருக்கிறார், ஆனால் அவருடைய அகலத் தோள் வால் பகுதிக்குள் நுழையவில்லை. அதனால் அவர் மனைவி லித்தியா வந்து உள்ளே தலையையும் தோளையும் நுழைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சரியாக உட்கார்ந்தால் ஒரு தட்டு, சரியில்லை என்றால் இரண்டு தட்டு என்று சரோஜினி காலத்து ஏற்பாடு. நான் நின்ற நேரம் பூராவும் இரண்டு தட்டுதான் அதிகமாகக் கேட்டது. பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது.

டீ குடிக்க உட்கார்ந்தபோது, இவ்வளவு கண்டிப்பு பட்டறையில்கூட இல்லை என்று லித்தியாவிடம் சொன்னேன். நாலைந்து ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் திரும்ப அடிக்கச் சொல்லியிருந்தார். அவர் கையில் ஒட்டின அலுமினியத் தூளை ஊதிவிட்டு, "மேலே போன பிறகு இது பிரிந்தால், போனில் சரோஜினியிடம் பேச வேண்டியது நான்தானே" என்றார்.

ஜன்னல் பக்கம்

உடம்பும் வாலும் இறக்கையும் ஆயிற்று. எஞ்சின் வரவில்லை. அனுப்புகிறவர்கள் ஃபிஜி நிலைமை தெளியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். முதலாளியும் கடையை மூடிவிட்டு பிரிஸ்பேன் போவதாக இருந்தார். இந்தச் சமயத்தில் சின்ன மகள் ஆக்லாந்திலிருந்து பிள்ளையிடம் போனில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்பா எங்கே என்று கேட்கிறார்கள், நீங்கள் இறந்துவிட்டதாகச் சொல்லவில்லை, வேலையாக இருப்பதாகத்தான் சொல்கிறேன் என்றிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். எஞ்சின் ஆர்டரை ரத்து செய்தார். விமானத்தை ஜோனேயின் படகுக் கொட்டகையில் ஏற்றி வைத்தாகிவிட்டது என்றார். அன்றைக்கு எல்லாம் தமிழில்தான். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தார். போர்டிங் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இறக்கைக்கு மேல ஜன்னல் சீட்டு குடுத்திருக்காங்க. வழி முழுக்க மத்தவன் அடிச்ச ரிவெட்டைப் பாத்துக்கிட்டே போகலாம்" என்றார்.

உப்புக் காற்று

கடை மூடுவதற்கு முன் வந்த கடைசிப் போன்களில் ஒன்று ஜோனேயுடையது. லாமியில் கடல் பக்கம். அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்திருக்கிறது, எதைத் தேய்ப்பது என்று கேட்டார். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பூச்சு போட வேண்டும், ஆனால் அது ஓயாத வேலை, எஞ்சினில்லாத விமானத்துக்கு எதற்கு இவ்வளவு சிரமம் என்றேன். லித்தியா சனிக்கிழமைதோறும் கழுவத்தான் செய்கிறாளாம், பூச்சு மட்டும்தான் தெரியவில்லையாம்.

கடையில் மிச்சமிருந்த பூச்சு டப்பாக்களை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததும் திரும்பவும் போன் செய்தார். பிள்ளை திரும்பி வருவார் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. கழுவுவதை என்றைக்கு நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை" என்றார் ஜோனே.

அத்தனை வருஷம் அந்தக் கவுன்டரில் நின்று நான் கண்டது இதுதான்: எங்கள் சாமானால் கட்டின விமானம் ஒன்றுகூடத் தரையை விட்டுக் கிளம்பவில்லை, வாங்கினவர்கள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் பறந்துபோனார்கள்.