எருமப்பட்டி வீட்டில் நான் அடித்த நாலு ஆணி

தகரக் கூரையில் எழும்பி நிற்கும் ஆணியை அடித்து இறக்குகிறவனை ஊருக்கு இரண்டே சமயத்தில்தான் ஞாபகம் வரும்: மழை வரும்போது, அல்லது யார்மேலாவது பழி போட வேண்டியிருக்கும்போது.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து வெயிலில் தகரம் பகலெல்லாம் விரியும், ராத்திரி சுருங்கும். இந்த இழுபறியில் ஆணி நெல்மணி உயரத்துக்குத் தலையைத் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்து போதும், மழைக்கு. உள்ளேயிருந்து ஒருவர் குச்சியால் ஒழுகும் இடத்தைத் தட்டிக் காட்ட, மேலே இருக்கிறவன் ஆணியை இறக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் செய்த தொழில் இதுதான். கூரை ஏறி உள்ளங்கால் வெந்த சகாக்களே, மீதி உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கடலை மண்டிக்காரர்

விடிந்ததும் ஏறினால் ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் தகரத்தில் கை வைக்க முடியாது. நாமக்கல்லில் ஒரு கடலை மண்டி முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெயிலுக்குப் பயந்தால் இந்தத் தொழிலுக்கு எதற்கு வந்தாய் என்று கேட்டார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ஏணியை அவர் முன்னால் சாத்தி, நீங்களே ஏறிப் பாருங்கள் என்றேன்.

மனிதர் வீம்புக்காரர், ஏறியும் விட்டார். மேலே போய்த் தகரத்தில் உள்ளங்கையை ஊன்றினார். ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு வெள்ளெனவே வந்துருங்க. எனக்கும் உள்ள கொஞ்சம் வேலை கெடக்குது."

நாலே ஆணி

எருமப்பட்டியில் ஒரு விவசாயி பனையோலையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார். மழை கறுத்துக்கொண்டு வந்த ஒரு நாள், என்னைக் கையோடு கூட்டிப்போய் ஏணியில் ஏற்றினார். நாலே நாலு ஆணிதான். அடித்து இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த நாலு ஆணிக்கும் நேர் கீழே அவருடைய ஒரே மகள் செல்லாயி கட்டிலில் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீடு வந்தவள். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மழை அவசரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை, எனக்கு அவள் இருப்பதே தெரியாது. தடுத்திருக்கக்கூடிய அம்மாக்காரி காட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது.

துக்கம் கேட்கப் போனேன். அப்பாக்காரர் தலை குனிந்துகொண்டார். அம்மாக்காரி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "எங்கூட்டுக்கு வந்த தங்கத்த நாலு ஆணியில தொரத்திப்போட்டீங்களே தம்பி."

ஏணிக்குக் கீழே ஒரு கேள்வி

அதற்குப் பிறகு எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு வருஷம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சேலத்துக்குக் கிழக்கே போய்ப் பிழைத்தேன். எங்கே போனாலும் ஏணியைச் சாத்துவதற்கு முன்னால், வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீட்டில் மூன்று மருமகள்கள். நான் கேட்டதும் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். வீட்டுப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "நீ கூரையைப் பாக்க வந்தியா, வயித்தப் பாக்க வந்தியா?"

என் வீட்டு நியாயம்

அந்தச் சமயத்தில் என் மனைவியும் மாசமாக இருந்தாள். எருமப்பட்டி நினைப்பு என்னை விடவில்லை. பிரசவம் ஆகும்வரை சுத்தியலைத் தொடாமல் இருக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை: "நீங்க கை கட்டி உக்காந்துட்டா நானும் புள்ளயும் எதைத் திங்கறதுங்க?"

தார்ச் சட்டி

எனக்குப் பெண் பிறந்து, நல்லபடியாகத் தவழவும் ஆரம்பித்துவிட்டாள். அப்போது செல்லாயியின் அப்பா என்னைத் தேடி வந்தார். செல்லாயிக்கு மறுபடியும் ஆறு மாசம், தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், கூரை மறுபடியும் ஒழுகுகிறது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். நனைகிற கட்டிலை நினைத்ததும் மனசு கேட்கவில்லை.

அம்மாக்காரி ஏணியடியில் காவல் உட்கார்ந்திருந்தாள். சுத்தியலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் தாரைக் காய்ச்சி, சாக்குத் துண்டுகளை அதில் தோய்த்து, ஒவ்வொரு ஆணித் தலையிலும் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினேன். சுத்தியலால் ஒரு மணி நேர வேலை. இதற்கு மூன்று நாள் காலை பிடித்தது. விரலெல்லாம் கொப்புளம்.

உள்ளேயிருந்து செல்லாயிதான் குச்சியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அம்மாக்காரி எருமைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் குச்சி நின்றுவிட்டது. தகரத்துக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அன்னைக்கு நீங்க ஆணி அடிக்கறதுக்கு மொத நாளே வயித்துல அசைவு நின்னு போச்சுங்ணா. பாரம் தூக்காதேன்னு அம்மா சொல்லியும் கடலைக் கட்டத் தூக்கிட்டேன். பழி உங்க மேல போகவும் வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

சுத்தியல் திரும்பி வந்தது

எனக்கு வந்த கோபத்துக்குத் தார்ச் சட்டியைக் கீழே வீசியிருப்பேன். இரண்டு வருஷம் நான் தூங்காமல் புரண்டது எனக்குத்தான் தெரியும். ஆனால் அவள் விசும்பல் கேட்டது. நானாவது ஊர் விட்டு ஊர் போய் முகத்தை மறைத்துக்கொண்டேன். இவள் அதே கட்டிலில், அதே கூரைக்குக் கீழே இதை யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தால் புருஷன் வீட்டில் அவளை வைத்திருப்பார்களா என்ன?

குனிந்து, ஆணிச் சந்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். என் மனைவி ஏழாம் மாசம்வரை தண்ணீர்க் குடம் சுமந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஆணியும் காரணமில்லை, கடலைக் கட்டும் காரணமில்லை. பழி என்மேலேயே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது, நீ யாரிடமும் சொல்லாதே என்றேன். கீழே குச்சி அடுத்த இடத்தைத் தட்டியது. திரும்பி வந்த அம்மாக்காரி, என்ன பேச்சு என்று கேட்டாள். எங்கே ஒழுகுகிறது என்று விசாரித்தேன் என்றேன்.

அந்த வருஷ மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. பையன் பிறந்தான், வீறிட்டு அழுதானாம். பதினாறாம் நாள் அம்மாக்காரியே என் வீடு தேடி வந்து, வேலை முடிந்தும் தராமல் பிரசவம்வரை வைத்திருந்த சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தாள். எருமப்பட்டியில் யார் வீட்டுக் கூரை என்றாலும் இனி உங்களைத்தான் கூப்பிடச் சொல்வேன் என்றாள். என் கைக் கொப்புளத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஆணி அடிக்காததாலதான் சாமி எம் பேரன் பொழச்சான்."

இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான ஆணி அடித்திருக்கிறேன், ஆனால் என்னைத் தேடி வந்து யாராவது பாராட்டியது அடிக்காத ஆணிக்காக மட்டும்தான்.