ஜீவராணியின் பிரசர்

தேயிலை மலை நடுவே கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தவளின் நெற்றியில் யாரோ திருநீற்றை அப்பினார்கள். ஜீவராணி கண் திறந்தாள். எதிரே லெட்சுமி. பக்கத்து நிரைப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றார்கள்.

“தாயே, என்னா கொறைன்னு சொல்லு. செஞ்சு வைக்கிறோம்,” என்றாள் லெட்சுமி.

“சாமியும் இல்ல, பூதமும் இல்லடி. பிரசருக்கு மூச்சு இழுக்கிறேன்.”

லெட்சுமிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்க இருந்தாளாம். மேலே நின்ற கங்காணி வீரய்யா, சாமி போயிருந்தால் கொழுந்தை எடுக்கச் சொன்னார்.

ஜீவராணிக்கு வலது கண்ணில் படலம். தளிரும் முற்றலும் ஒன்றுபோலத் தெரிந்தன. கூடையில் முற்றல் இலை இன்னும் விழுந்தால் புல் வெட்டத்தான் போகவேண்டும் என்று வீரய்யா சொல்லியிருந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் படலத்தை எடுத்துவிடலாம். ஆனால் அந்த வாசலை மிதித்ததுமே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிரசர் ஏறிவிடும். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை பஸ்லியா என்ற தாதி அவளை உட்காரவைத்து, மூக்கால் இழுத்து வாயால் மெல்ல விடவும் தோளைத் தளர்த்தவும் காட்டிக்கொடுத்தாள்.

லயத்து அறையில் உட்கார்ந்து செய்து பார்த்தாள். கை சும்மா இருந்தால் மனம் விறகுக்கும் மகளின் பிரசவத்துக்கும் ஊசிக்கும் ஓடியது. மலையில்தான் கூடிவந்தது. கிள்ளும்போது இழுப்பு, தோளுக்கு மேலால் கூடையில் போடும்போது விடுவது. அன்று அந்தச் சுகத்தில் கண் தானாக மூடிக்கொள்ள, கை வெறுங்காற்றைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் லெட்சுமி அருள் என்று நினைத்துவிட்டாள்.

மூன்றாம் தடவை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது. இத்தனை பேர் முன்னால் காற்றைக் கிள்ளுவதா என்று கொஞ்ச நேரம் கூசினாள். புல்வெட்டுக் கத்தி ஞாபகம் வந்தது. கிள்ளத் தொடங்கினாள்.

பக்கத்தில் இருந்தவர் ஜௌபர், பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் கண்தான்.

“என்னம்மா புடுங்குறீங்க?”

“கொழுந்துங்க.”

அவர் அவள் கையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் படபடங்குது. எப்பிடின்னு காட்டுங்க,” என்றார்.

தோளுக்கு மேலால் போடச் சொன்னாள். பின்வரிசையில் இருந்தவரின் மூக்கில் அவர் கை பட்டது. ஜீவராணி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பஸ்லியா கூப்பிட்டாள். கையில் பட்டியைக் கட்டி, காற்றடித்து, இறங்கவிட்டாள். பிறகு ஆப்பரேஷனுக்குப் போட்டுக்கொள்ளப் பச்சைச் சட்டையை நீட்டினாள்.

மறுநாள் காலை வார்டில் கண் கட்டைப் பிரித்தார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மலைக்குப் போகவேண்டாம், கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். பகல் பஸ்ஸில் தோட்டத்துக்குக் கிட்ட இருக்கிற லுணுகலைக்கு வந்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரோட்டோரத் தேயிலையில் தளிரும் முற்றலும் வேறுவேறாகத் தெரிந்தன. இறங்கிப் பேக்கரியில் பாண் வாங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்ததால் ஆட்டோ பிடித்து லயத்துக்குப் போனாள்.