சூடு தெரியுதுங்களா?

டாக்டர் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். சேலத்து ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, லிப்ட் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற தண்டு முழுசாக நசுங்கிவிட்டது, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இனி வராது, நடக்கவும் மாட்டார் என்றார். "அவர்கிட்ட நான் சொல்லட்டுமாம்மா, நீங்களே சொல்றீங்களா?" என்றும் கேட்டார். நல்ல மனிதர். என் வாய்தான் எதற்கும் முந்திக்கொள்ளும் வாயாயிற்றே. "நானே சொல்லிக்கறனுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் விழுந்தது எங்கள் கோழிப்பண்ணைக் கூரையிலிருந்து. ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். காற்றில் கூரையின் சிமெண்ட் அட்டை ஒன்று பெயர்ந்திருந்தது. அட்டை மேல் காலை வைக்காதே, அடியில் ஓடுகிற இரும்புச் சட்டத்தின் மேலேயே நட என்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் அவர். அன்றைக்கு அவரே வைத்தார். கீழே நின்று "பாத்துங்க, பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் கத்துகிறவள் என்பதால் அவர் காதில் வாங்கவில்லை.

லிப்ட் பக்கத்திலிருந்து வார்டுக்கு நடந்து போவதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். சொல்லக்கூடாது என்ற எண்ணமே அப்போது இல்லை. கட்டில் ஓரத்தில் அத்தை, அதாவது அவருடைய அம்மா, உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மல்லாக்கப் படுத்தபடி கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"என்ன புள்ள சொன்னாரு டாக்டரு?"

"ஆறு மாசம் ஆகுமாமுங்க. நரம்பு சுருண்டுக்கிச்சாமா. விரியறதுக்கு ஆறு மாசம் புடிக்குமாமா."

அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் என்றால் நீளமாக இருக்கும், மூன்று மாதம் என்றால் சீக்கிரம் மாட்டிக்கொள்வோம் என்று ஏதோ ஒரு கணக்கு உள்ளே ஓடியிருக்கும். அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுவதாக அங்கேயே நேர்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் மூச்சை நன்றாக இழுத்து விட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அங்கே இருந்தோம். பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்கு என் தங்கச்சி வயதுதான் இருக்கும். அவள்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாலு மணிக்கொரு தடவை குழாய் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். தினமும் முதுகையும் புட்டத்தையும் பார்த்து எங்கேயாவது தோல் சிவந்திருக்கிறதா என்று தேட வேண்டும். குழாயை அவரே போட்டுக்கொள்ளப் பழகிய அன்றைக்குப் போர்வையை முகத்து மேலே இழுத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "அடச்சீ, இதுக்குப் போயி அழுவாங்களா" என்று அவரையே திட்டினேன்.

வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் ஊசி முனையால் அவர் காலில் இங்கும் அங்கும் தொட்டுப் பார்ப்பாள். "கண்ண மூடிக்கங்கண்ணா. தெரியுதுங்களா?" என்பாள். "இல்லீங்க" என்பார். "இங்க?" "இல்லீங்க." ஒவ்வொரு "இல்லீங்க"வுக்கும் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். மார்க் குறைந்து வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டாக்டர் சொன்னத அண்ணன்கிட்டச் சொல்லியாச்சுங்களாக்கா?"

"சொல்லியாச்சு கண்ணு. மனசத் தேத்திக்கிட்டாரு. நீ அதப் பத்திப் பேச்செடுத்துப் போடாதே, சங்கடப்படுவாரு."

எவ்வளவு கச்சிதமாகச் சொன்னேன் பாருங்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்று யாராவது நம்புவார்களா? அவளும் நம்பிவிட்டாள். நம்பியதால்தான் அடுத்ததையும் சொன்னாள். "சூடு மட்டும் வைக்கவே கூடாதுங்க்கா. சுடுதண்ணிப் பை, ஒத்தடம், எதுவுமே ஆகாது. வெந்தாலும் அண்ணனுக்குத் தெரியாது." நான் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

ஊருக்குத் திரும்பியபோது அவர் கையெல்லாம் இறுகியிருந்தது. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் ஒரு பலகையை வைத்தால், கையை ஊன்றி அவராகவே நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஊர் முக்கில் இருக்கிற டீக்கடை வரைக்கும் தனியாகப் போய்வர வேண்டும் என்று அந்தப் பெண் அவருக்கு இலக்கு வைத்திருந்தாள். திரும்பி வந்த மூன்றாவது வாரம் போனார். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மேட்டில் சக்கரம் பின்வாங்கியதும் ஓடிப் போய்ப் பிடிக்கத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தபடி வந்து சேர்ந்தார்.

"அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நிக்கறானுக புள்ள, கலெக்டர் வந்தாப்பல" என்றார். பிறகு சக்கரத்தைத் தட்டி, "ஆறு மாசந்தானே. அது வரைக்கும் இத ஓட்டிக்கலாம்" என்றார். நான் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது மாதம் அவர் கால் ஆடியது. படுத்திருந்தவருடைய வலது கால் விலுக்கென்று மடங்கி நீண்டது. அத்தைதான் பார்த்தார். "காலு ஆடுது! எஞ்சாமி காலு ஆடுது!" என்று வாசலுக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து கூடிவிட்டது. ஒவ்வொருவரும் கட்டிலைச் சுற்றி நின்று அடுத்த தடவை எப்போது ஆடும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "அது தானா இழுக்கறதுங்க்கா. மூளை சொல்லி ஆடுறதில்ல. இப்படிப்பட்டவங்க நெறையப் பேருக்கு வரும். அதனால நடந்துருவாங்கன்னு இல்ல."

உள்ளே வந்தேன். எல்லார் முகமும் என்னையே பார்த்தது. அவர் முகமும்.

"நல்லதுதானாமுங்க" என்றேன்.

என்னை எதால் அடிப்பது? ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னபோது நான் பாதி நம்பினேன். ஐந்து மாதமாக ஒரே பொய்யைத் தினமும் சொல்லிச் சொல்லி அது எனக்கே பழகிவிட்டது. டாக்டர்கள் மட்டும் என்ன கடவுளா, அவர்கள் சொன்னதெல்லாம் அப்படியேவா நடந்திருக்கிறது என்று எனக்குள்ளேயே வாதாட ஆரம்பித்திருந்தேன். கால் ஆடியதை என் கண்ணால் பார்த்தேனே.

ஆறாவது மாதம் முடிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அத்தைதான், "நரம்பு ஒறங்குது அம்மிணி. சூடு காட்டுனா முழிச்சுக்கும்" என்று கல் உப்பை வாணலியில் போட்டு வறுக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் இடுப்புப் பிடித்தால், கால் மரத்துப்போனால், உப்பு ஒத்தடம்தான். பிள்ளை பெற்ற உடம்பு முதல் வண்டியிலிருந்து விழுந்த உடம்பு வரை அதற்குத் தேறாதது இல்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். முதல் நாள் வேண்டாமென்றேன். இரண்டாம் நாளும் வேண்டாமென்றேன். மூன்றாம் நாள், துணியில் கட்டிய உப்பு மூட்டையைக் கையில் வாங்கினேன். அத்தையின் மேல் பழி போட மாட்டேன். வறுத்தது அவர், வைத்தது என் கை.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக் குப்புறப் படுத்திருந்தார். புட்டத்தின் மேல் லேசாக வைத்து எடுத்தேன்.

"சூடு தெரியுதுங்களா?"

இன்னொரு தடவை வைத்து எடுத்தேன்.

"ஏனுங்க, தெரியுதுங்களா?"

"தெரியறாப்பல இருக்குது."

"நெசமாலுமா? எங்க, சொல்லுங்க?"

"அங்கதான் புள்ள. நீ வெச்ச எடத்துலதான்."

அத்தை ஓவென்று அழுதார். நானும் அழுதேன். வெந்தாலும் தெரியாது என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. இவருக்குத்தான் தெரிகிறதே, அந்தப் பேச்சு சூடு தெரியாதவர்களுக்குத்தானே என்று என் மூளை சொன்னது. எவ்வளவு அழகான நியாயம்! மூட்டையை மறுபடி சுட வைத்தேன். "பொறுக்க முடியுதுங்களா?" என்றேன். "வெய்யி புள்ள" என்றார். வைத்தேன். முன்பு அரை நொடி வைத்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சூடு ஆற ஆற மாற்றி மாற்றி வைத்தேன்.

மறுநாள் இரண்டு பக்கமும் நுங்கு அளவுக்குக் கொப்புளம். சூட்டுக் கொப்புளம்தானே, நரம்பு முழிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவி, நாற்காலியில் உட்கார வைத்து டீக்கடைக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் தோல் கறுத்துக் கழன்றது. வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். எலும்பு தெரிந்தது. முதலில் பார்த்த அதே டாக்டர்தான், சத்தம் போட்டார். "அவருக்குத்தாம்மா தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

"தெரியுதுன்னு சொன்னாருங்க."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பத்து மாதமாகக் குப்புறத்தான் கிடக்கிறார். உட்காரக் கூடாது. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள், பிடிக்கவில்லை. மறுபடி ஒட்ட வேண்டும் என்கிறார்கள், அதற்கு முதலில் காய்ச்சல் விட வேண்டுமாம். பலகை மேல் ஊன்றி நகர்ந்த அந்தக் கை இப்போது டம்ளரைத் தூக்கவே நடுங்குகிறது. டீக்கடை ஆட்கள் முதலில் பார்க்க வந்தார்கள். குப்புறக் கிடக்கிறவரிடம் முகம் பார்த்துப் பேச முடியாதே, தரையில் குனிந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்கள். இப்போது வருவதில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆறி வந்த ஓரம் மறுபடி பிளந்திருந்தது. பார்த்ததும் எனக்கு அடக்க மாட்டாத கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள். கையில் பஞ்சை வைத்துக்கொண்டே அவர் மேல் பாய்ந்தேன்.

"அன்னிக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? எதுக்குத் தெரியுதுன்னு சொன்னீங்க?"

தலையணையில் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"ஆறு மாசத்துல வந்துரும்னு டாக்டரு சொன்னாருன்னியே புள்ள. ஆறு மாசமும் ஆச்சு. வரலீன்னா, சொல்லிக்குடுத்ததுல நாந்தான் எதையோ செரியாப் பண்ணலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நீ ராப்பகலா என்னோட கெடந்து சாகறே. இன்னும் வரலன்னு எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது?"

பஞ்சு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே சொன்னேன்.

"டாக்டரு ஆறு மாசம்னு சொல்லவே இல்லீங்க. நாஞ் சொன்னது அது. எப்பவும் வராதுன்னு மறுநாளே சொல்லிப்போட்டாருங்க. கூரையில இருந்து உழுந்த அன்னிக்கே எல்லாம் போயிருச்சுன்னு சொன்னாருங்க."

கால் ஆடியதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுக் கீழே கிடந்த பஞ்சை எடுத்தேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தீன்னா," என்றார், "நானும் தெரியலன்னு சொல்லியிருப்பனே புள்ள."

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.