மூன்றாம் குழியில் வைத்த காசு

சென்ற வாரம் ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். லாரிகளில் சரளை ஏற்றி இறக்கும் ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். எங்களுக்குள் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகின்றன. "சார், கார்டு நைனா பூட்டாரு. வெள்ளிக்கெயமையே எடுத்தாச்சு," என்றான். எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். "சொன்னா வந்துருப்பியா?" என்று திருப்பிக் கேட்டான். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

அவன் கார்டு என்றது காட்டுக் காவலர் முனிரத்தினத்தை. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் அந்த அரசுக் காட்டில் என்னோடு கூடாரத்தில் படுத்திருந்தவர்களுக்காக. உங்களில் பலர் இன்று பெரிய நாற்காலிகளில் இருக்கிறீர்கள். அவருக்காக நீங்கள் இரங்கல் கூட்டம் நடத்தப் போவதில்லை. நடத்தவும் வேண்டாம், அதில் போய் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் அங்கே அகழாய்வுக்குப் போனோம். தை பிறந்து மண் காய்ந்ததும் போய், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்வரை தோண்டுவோம். செஞ்சரளை மேட்டுக்குள் ஆதி மனிதர் செதுக்கிய கற்கோடரிகள் கிடைத்தன. நான் படம் வரைபவன். கிடைத்த கல் ஒவ்வொன்றிலும் இந்தியன் இங்கில் பொடி எழுத்தாகக் குழி எண் எழுதி, மேலே வார்னிஷ் தடவுவதும் என் வேலை. நிரந்தர வேலை அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் எங்கள் அகழாய்வுக் குழுத் தலைவர் மனது வைத்தால்தான் உண்டு.

வந்த முதல் நாளே முனிரத்தினம் எங்கள் அனுமதிக் கடிதத்தை வாங்கி நிபந்தனைகளை உரக்கப் படித்தார். தோண்டிய குழியை மூட வேண்டும், செடி கொடியைத் தொடக் கூடாது. இரண்டாம் நாள் எங்கள் தலைவர் கூடாரக் கயிறு கட்ட வாகாக இருக்குமென்று ஒரு களாக் கிளையை ஒடித்தார். முனிரத்தினம் அதை எழுத்தில் கொண்டுவந்து அவரிடம் கையெழுத்துக் கேட்டார். ஒரு முள் கிளைக்கா என்று தலைவர் சிரித்தார். "ஒடிச்சவன் ஒத்துக்கணும் சார். அவ்ளோதான் கேஸு," என்றார் இவர். தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை நாங்கள் முனிரத்தினத்துக்கு 'களாச்செடி கலெக்டர்' என்று பெயர் வைத்தோம். வைத்தவன் நான்.

பருவம் முடிந்து குழிகளை மூடும்போது ஆளுயரம் இறங்கிய மூன்றாம் குழியின் அடியில் ஒரு பத்துக் காசை வைத்தேன். பின்னால் தோண்ட வருபவர்களுக்கு, இங்கே எங்களுக்கு முன்பே ஆள் வந்து போயிருக்கிறது என்று தெரிவதற்காக அப்படி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கல்லில் எழுதுவது போலவே அந்தக் காசிலும் குழி எண்ணை எழுதி வார்னிஷ் பூசியிருந்தேன். குழிமேட்டில் குந்தியிருந்த முனிரத்தினம் விவரம் கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போறீங்க. செரி, மூடுங்க. ஆடு மாடு வுயும்," என்றார். கடைசி மண்வெட்டி விழும்வரை நகரவில்லை.

அடுத்த தையில் நாங்கள் போனபோது மேட்டையே காணோம். அது இருந்த இடத்தில் லாரிச் சக்கரத் தடமும் பெரும் பள்ளமும்தான் இருந்தன. காட்டின் இன்னொரு பக்கத்தில் கூடாரம் அடித்தோம். ஒரு களாக் கிளைக்குக் கணக்குக் கேட்ட காட்டில் மலையையே வாரிக்கொண்டு போயிருந்தார்கள். முனிரத்தினம் லாரியை மறித்து மேலே எழுதியிருக்கிறார். மேலே இருந்தவர்களோ சரளைக் குத்தகைக்காரரின் கூட்டாளிகள். பக்கத்துப் பட்டா நிலத்தில் எடுத்த சரளை அது என்றார் குத்தகைக்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். போதாததற்கு, காட்டுக்குள் லாரியை விட்டதே இந்தக் கார்டுதான் என்று அவர் மேலேயே விசாரணை வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம், பட்டாபிராம் பக்கம் சாலைக்குச் சரளை பரப்பும்போது ஒரு பத்துக் காசைக் கண்டெடுத்தான். அதில் ஏதோ எழுத்து இருக்கிறதே என்று கார்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். முனிரத்தினம் அதை எடுத்துக்கொண்டு எங்கள் கூடாரத்துக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "இது உன் எயுத்துதானே சார்? மூணாம் குழி. காட்டுக்குள்ள எட்த்துதுன்னு இதுவே சொல்லுதே. அத்த ஆபீசராண்ட ஒரு வாட்டி சொல்லு, போதும்," என்றார். சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு தலைவர் என்னை அழைத்துப் பேசினார். சாட்சி சொன்னால் அடுத்த பருவத்துக்கு அனுமதி கிடைக்காது, ஆராய்ச்சி பாழாகும், உன் வேலையும் யோசித்துக்கொள் என்றார். விசாரணையில் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். காசு எப்படி எங்கே உருண்டு போனதென்று யார் கண்டது என்றார் தலைவர். பிறகு காசு என் கைக்கு வந்தது. "என் எழுத்துப் போலத்தான் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாது," என்றேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்கூட இத்தனை பாவம் இல்லை. அதிகாரி காசை முனிரத்தினத்திடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் முனிரத்தினத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எங்களுக்கு அனுமதி கிடைத்தது. புத்தகமும் வந்தது. அதன் முன்னுரையில், ஒத்துழைப்பு நல்கிய காட்டு அதிகாரிகளுக்கெல்லாம் தலைவர் நன்றி சொல்லியிருக்கிறார். முனிரத்தினம் என்ற பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்தப் புத்தகத்தை நான் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு அச்சு வேலையாகப் போனேன். வாசலில் வாட்ச்மேனாக முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எயுத்து மாறவே இல்ல சார்," என்று சொல்லி கேட்டைத் திறந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

ஸ்டேஷனில் ஏகாம்பரம் இன்னொன்றும் சொன்னான். அந்தப் பத்துக் காசைக் கடைசிவரை சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். "அத்தயும் அவரு பையிலியே போட்டுப் பொதச்சிட்டோம் சார். உன்னுதுதான்னு அவருக்குத் தெரியுமே," என்றான்.

அவருடையது என்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. ஒடித்தவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்தப் பேச்சு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் அது எனக்குப் பயன்படவில்லை. விசாரணை அதிகாரி எங்கே இருக்கிறாரோ தெரியாது. தலைவர் இதைப் படிப்பார். மூன்றாம் குழியில் அந்தக் காசை வைத்தவன் நான். அதில் இருப்பது என் எழுத்து. உறுதியாகச் சொல்கிறேன்.