எங்களைப் பெற்ற ராஜபார்ட்

சீனாக்காரனோடு சண்டை மூண்டபோது எனக்குப் பதினாறு வயது. காரைக்குடியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதனோடு சேர்ந்து பனிமலையில் சீனாக்காரனைச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. அவன் ராவுத்தர் வீட்டுப் பையன். அவனுடைய அத்தா பினாங்கில் கைலிக் கடை வைத்திருந்தார். என் அப்பா விவசாயி. எங்கள் இருவரில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. ஐஸ் வண்டியில் பார்த்ததோடு சரி.

தேவகோட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பதினெட்டு ஆகியிருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துச் சான்றிதழைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். படிக்காத பையன்களுக்கு அப்பா வந்து வயசு சொன்னால் போதும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். என் அப்பாவிடம் போய்க் கேட்பதற்குப் பதில் சீனாக்காரனிடமே நேராகப் போய்விடலாம். சிநேகிதனுடைய அத்தாவோ கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே எங்களுக்கு அவசரமாக ஓர் அப்பா தேவைப்பட்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு நாடக நடிகர் இருந்தார். ராஜபார்ட். திருவிழா நாடகங்களில் நரைத்த மீசையோடு கிழட்டு ராஜாவாக வந்து அவர் அழுதால், முன்வரிசைப் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். நாடகம் இல்லாத நாட்களில் தன் அம்மாவின் பசுமாட்டை மேய்ப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் பிரகாசமானது.

“அப்பா வேஷமா? ஒரு அப்பாவா, ரெண்டு அப்பாவா?”

“ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க ஒருத்தர் போதும்ணே.”

“சரி. ஆனா வசனம் என்னோடது. நீங்க குறுக்க பேசப்படாது.”

குறித்த நாளில் நாங்கள் எடை ஏறுவதற்காக வாழைப்பழமாகத் தின்று, வயிறு தவில்போல இறுகிப்போய் நின்றோம். அவர் தலைமுடியில் விபூதியைத் தேய்த்து நரையாக்கி, தோளில் துண்டோடு கூன் விழுந்து வந்தார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து, “பெரியவரே, இங்குட்டு உக்காருங்க” என்று இடம் கொடுத்தார். ராஜபார்ட் அண்ணன் இருமிக்கொண்டே உட்கார்ந்தார்.

மைதானத்தில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு ஒரு சுபேதார் உட்கார்ந்திருந்தார். தமிழர்தான். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரெண்டும் உங்க பசங்களா?”

“நான் பெத்த சிங்கங்க. நாட்டுக்குன்னு நேந்து விட்டுட்டேன். ரெண்டுக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க.”

என் பெயரைக் கேட்டார், சொன்னேன். சிநேகிதனின் பெயரைக் கேட்டார், சொன்னான். சுபேதார் பேனாவைக் கீழே வைத்தார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

ராஜபார்ட் அசரவில்லை. குரலில் ஒரு நடுக்கத்தை வரவழைத்துக்கொண்டார். “எனக்குச் சம்சாரம் ரெண்டுங்க. ஒருத்தி கோயிலுக்குப் போவா, ஒருத்தி தொழுவா. மனசு சாதி மதம் பாத்தா வருது ஐயா?”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்ததைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வராத கண்ணீரைத் துண்டால் துடைத்தார். துடைத்த கையோடு வியர்த்த நெற்றியையும் துடைத்தார், அப்படியே தலையையும். பாதித் தலை கறுத்துவிட்டது.

சுபேதார் எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “வயசு என்ன பெரியவரே?”

“அம்பதை நெருங்குதுங்க.”

“இந்தப் பக்கம் அம்பது. அந்தப் பக்கம்?”

ராஜபார்ட்டின் கூன் மெதுவாக நிமிர்ந்தது. “இருபத்திரண்டுங்கய்யா.”

“அப்ப நாலு வயசுலயே ரெண்டு பொண்டாட்டி கட்டியிருக்கே!”

மைதானமே சிரித்தது. எங்களைப் பார்த்து, “பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கடா” என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். “நீ சட்டையைக் கழட்டு.”

அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சைச் சுற்றி அளவு நாடா வந்தது. “மூச்சை இழு” என்றார்கள். மைக் இல்லாமலே திடல் முழுக்கக் கேட்கப் பாடுகிறவர் அல்லவா? அவர் இழுத்த இழுப்பில் அளந்தவரின் கையிலிருந்து நாடா நழுவிப்போனது.

“அண்ணே, வாங்க போயிருவோம்” என்று தூரத்திலிருந்து கூப்பிட்டோம். அவர் வரவில்லை. “வேஷம் போடாமயே என்னையச் சேத்துக்கிட்டாகடா!” என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

நாங்கள் மட்டும் ஊர் திரும்பினோம். அவருடைய அம்மா விளக்குமாற்றோடு தெரு முழுக்கத் துரத்தினார். என் வீட்டில் விழுந்ததை எழுத வேண்டியதில்லை. கடைசியில் அந்த அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். “எம்மகனைப் புடிச்சுக் குடுத்தவிங்க நீங்கதான? அவன் வேலைய நீங்க பாருங்க.” அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் மாட்டுக்குப் புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் எங்கள் பாடு. பட்டாளத்தில்கூட அவ்வளவு கெடுபிடி இருந்திருக்காது.

மறுவருஷம் அவர் லீவில் வந்தார். நாடகக்காரர்கள் விடவில்லை. ராஜா மேடைக்கு வந்தார், லெப்ட் ரைட் போட்டுக்கொண்டு. மந்திரி வணங்கியதும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கூட்டம் விசிலடித்து ஓய வெகு நேரமாயிற்று.

மறுநாள் கண்மாயில் மூவரும் மாட்டைக் குளிப்பாட்டினோம். சிநேகிதன் மேலுதட்டைத் தடவிக்கொண்டு, “இப்பப் போனா எடுப்பாகளாண்ணே?” என்றான்.

அவர் மாட்டின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். “எங்க கூடாரத்துல ஒரு பய இருந்தான். பதினெட்டுன்னு சொல்லிச் சேந்தவன். தூக்கத்துல அம்மாவைக் கூப்புடுவான். காலையில யாரும் அதைப் பத்திப் பேச மாட்டோம்.”

“அவனுக்கு என்ன வயசுண்ணே?”

“ஒன் வயசுதான் இருக்கும்.”

சிநேகிதன் மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அந்த வருஷமே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு அத்தாவிடம் போனான். ராஜபார்ட்டின் அம்மா அவனுக்கு ஒரு டப்பா நிறைய நெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பினார்.